வெப்ப விரிவும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையக் குழாய்களும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
அலகு: வெப்பமும் அதன் விளைவுகளும்

இப்பாடத்தைக் கற்று முடித்ததும் நீங்கள்,
• திண்மமொன்றின் நீள விரிவைக் கணிப்பீர்கள்.
• விரிவைத் தடுத்தால் ஏற்படும் விளைவை விளக்குவீர்கள்.
• உயர் வெப்பநிலைக் குழாய்த் தொகுதியொன்றில் வளைவுகள், தாங்கிகள், காவலி ஆகியன ஏன் தேவை என்பதைக் காரணங்காட்டி எழுதுவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, வெயில் சாயும் நேரத்தில் தகரக் கூரை வேய்ந்த ஒரு கொட்டிலின் கீழே சற்று நில்லுங்கள். கொடிகாமம் சந்தைப் பக்கமாக நின்றாலும் சரி, உங்கள் வீட்டுக் கோழிக்கூட்டின் அருகே நின்றாலும் சரி. மேலே யாரோ சிறு கல் எறிவதுபோல "டக், டக்" என்று இடைக்கிடை ஓசை கேட்கும். பகல் முழுவதும் வெயிலில் விரிந்திருந்த தகரம் குளிரும்போது சுருங்குகின்றது. ஆணிகள் அதைப் பிடித்து வைத்திருப்பதால் அது சிறிது சிறிதாக இழுபட்டு நகர்கின்றது. அந்த நகர்வின் ஓசையே உங்களுக்குக் கேட்கின்றது.

3 மீற்றர் நீளமான இரும்புத் தகரமொன்று 25 பாகை செல்சியசிலிருந்து 60 பாகை செல்சியசு வரை சூடாகும்போது ஏறத்தாழ 1.3 மில்லிமீற்றர் மட்டுமே நீளும். அந்தச் சிறு விரிவே இவ்வளவு சத்தம் போடுமானால், 350 பாகை செல்சியசு வெப்பநிலையில் எண்ணெய் ஓடும் 30 மீற்றர் உருக்குக் குழாய்க்கு என்ன நடக்கும்? அந்தக் குழாயை வடிவமைப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

2. சப்புகஸ்கந்தை: எண்ணெய் எங்கே சூடாகின்றது?

இலங்கையில் இயங்கும் ஒரேயொரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் கொழும்புக்கு அண்மையிலுள்ள சப்புகஸ்கந்தையில் அமைந்துள்ளது. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குரிய இந்நிலையம் 1969 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் நாளொன்றுக்கு 38,000 பீப்பாய் மசகெண்ணெயைச் சுத்திகரிக்கக்கூடியதாக இருந்த இந்நிலையம், பின்னர் 50,000 பீப்பாய் வரை விரிவாக்கப்பட்டது. ஒரு பீப்பாய் என்பது ஏறத்தாழ 159 இலீற்றர் ஆகும். ஆகவே 50,000 பீப்பாய் என்பது ஏறத்தாழ 80 இலட்சம் இலீற்றர் என்பதை நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

1990களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், ஜாம் போத்தலில் சிறிதளவு எண்ணெய் விட்டு, அந்த விளக்கொளியில் படித்த கதையை உங்கள் பெற்றோர் சொல்லியிருப்பார்கள். 2022 இல் எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னே நீண்ட வரிசைகளை நீங்களே கண்டிருப்பீர்கள். அந்த மண்ணெண்ணெயும் பெற்றோலும் டீசலும் மசகெண்ணெயைப் பகுதிபடக் காய்ச்சி வடிப்பதன் மூலம் பெறப்படுவன.

மசகெண்ணெய் உலையினுள்ளே செல்லும் குழாய்களில் வைத்துச் சூடாக்கப்படுகின்றது. அதன் வெப்பநிலை பொதுவாக 350 பாகை செல்சியசு அளவை அடையும். பின்னர் அது பெரிய குழாயொன்றின் வழியே வடிப்புக் கோபுரத்தை அடைகின்றது. கொதிநிலை குறைந்த பகுதிகள் கோபுரத்தின் மேற்பகுதியிலும், கொதிநிலை கூடிய பகுதிகள் கீழ்ப்பகுதியிலும் பிரிந்து வெளியேறும். கோபுரத்திலிருந்து புறப்படும் குழாய்கள் பம்பிகள், வெப்பமாற்றிகள், தாங்கிகள் என்பவற்றை நோக்கிச் செல்லும். பாடநூற் படத்தில் சில கோடுகளாகக் காட்டப்படும் இக்குழாய்கள் உண்மையில் பல கிலோமீற்றர் நீளமானவை.

3. விரிவைக் கணித்தல்

சமன்பாடு:
நீளத்தில் ஏற்படும் அதிகரிப்பு = தொடக்க நீளம் × நீள விரிகைத்திறன் × வெப்பநிலை உயர்வு

உருக்கின் நீள விரிகைத்திறனை ஒரு பாகை செல்சியசுக்கு 0.000012 எனக் கொள்வோம். அதாவது 1 மீற்றர் உருக்குக் கோல், வெப்பநிலை 1 பாகை உயரும்போது 0.000012 மீற்றரால் நீளும்.

உதாரணம் 1
30 மீற்றர் நீளமான நேரான உருக்குக் குழாயொன்று 30 பாகை செல்சியசில் பொருத்தப்பட்டது. அதனூடாக 350 பாகை செல்சியசில் எண்ணெய் செல்லும்போது அதன் நீளம் எவ்வளவால் அதிகரிக்கும்?

வெப்பநிலை உயர்வு = 350 − 30 = 320 பாகை
நீள அதிகரிப்பு = 30 × 0.000012 × 320 = 0.1152 மீற்றர்
அதாவது ஏறத்தாழ 115 மில்லிமீற்றர்.

உங்கள் கணித உபகரணப் பெட்டியிலுள்ள 15 சென்ரிமீற்றர் அடிமட்டத்தை எடுத்து 11.5 சென்ரிமீற்றர் எவ்வளவு என்று பாருங்கள். உறுதியான உருக்குக் குழாயின் முனை அவ்வளவு தூரம் நகரப் பார்க்கின்றது.

குழாய் கறையில் உருக்கினால் ஆனதாயின் விரிவு இன்னும் கூடும். அதன் விரிகைத்திறன் ஏறத்தாழ 0.000017 என்பதால் அதே குழாய் 163 மில்லிமீற்றரால் நீளும். ஆகவே, உலோகத்தை மாற்றினால் குழாயின் வழியமைப்பையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

4. "இறுகக் கட்டிவிட்டால் என்ன?"

இவ்விடத்தில் மாணவர் பலரும் சொல்லும் விடை இதுதான்: "குழாயைத் தடிப்பாகச் செய்து, இரண்டு முனைகளையும் கொங்கிறீற்றில் இறுகப் பிணைத்துவிட்டால் அது அசையாது." இவ்விடை பிழையானது. ஏன் என்பதை விளங்கிக்கொண்டால் இப்பாடத்தின் பாதி முடிந்துவிடும்.

விரிய முயலும் உலோகத்தைத் தடுத்தால் அதனுள்ளே தகைப்பு உண்டாகும். தகைப்பு என்பது ஓரலகுப் பரப்பின் மீது தாக்கும் விசையாகும். இரு முனைகளிலும் முற்றாகத் தடுக்கப்பட்ட உருக்கில் ஒவ்வொரு பாகை வெப்பநிலை உயர்வுக்கும் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 2.4 நியூற்றன் தகைப்பு ஏற்படும். இது க.பொ.த. உயர்தரத்தில் நீங்கள் கற்கவிருக்கும் யங்கின் மட்டின் துணையுடன் பெறப்படும் எண்ணாகும். இப்போதைக்கு அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி இரண்டு நிலைமைகளை ஒப்பிடுவோம்.

(அ) புகையிரதத் தண்டவாளம்
கொடிகாமத்தினூடாகச் செல்லும் வடக்குப் புகையிரதப் பாதையில், 1990 இல் தடைப்பட்ட யாழ்ப்பாணம் வரையான சேவை 2014 ஒக்ரோபரில் மீண்டும் தொடங்கியது. துண்டு துண்டாகப் பொருத்தும் பழைய முறையில் தண்டவாளங்களுக்கிடையே சிறு இடைவெளி விடப்படும். ஆனால் உலகின் பல நாடுகளில் இன்று மிக நீளமாக வெல்டிங் செய்து இணைத்த தண்டவாளங்கள் இடைவெளியின்றிச் சிலிப்பர் கட்டைகளில் இறுகப் பிணைக்கப்படுகின்றன. இது எப்படிச் சாத்தியம்? பொருத்திய வெப்பநிலையிலிருந்து தண்டவாளம் 35 பாகை அளவே மேலும் சூடாகும் எனக் கொள்வோம். 35 × 2.4 = 84. அதாவது ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 84 நியூற்றன். பக்கவாட்டில் வளையாதவாறு சிலிப்பர் கட்டைகளும் சல்லிக்கற்களும் பிடித்துக்கொண்டால் உருக்கு இதைத் தாங்கும்.

(ஆ) சுத்திகரிப்பு நிலையக் குழாய்
வெப்பநிலை உயர்வு 320 பாகை. 320 × 2.4 = 768. அதாவது ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 768 நியூற்றன். குழாய்கள் செய்யப் பொதுவாகப் பயன்படும் காபன் உருக்கு, ஏறத்தாழ 240 நியூற்றனிலேயே நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிடும். சூடேறும்போது அதன் வலிமை மேலும் குறையும். ஆகவே குழாய் தாங்காது. அது பக்கவாட்டில் வளையும். அல்லது பம்பியையும் மூட்டையும் தள்ளி உடைக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். இக்கணிப்பில் குழாயின் நீளமும் இல்லை, தடிப்பும் இல்லை. குழாயைத் தடிப்பாக்கினால் இத்தகைப்பு குறையாது. மாறாக, குறுக்குவெட்டுப் பரப்புக் கூடுவதால் முனைகளைத் தள்ளும் விசையே கூடும். உள் அமுக்கத்தைத் தாங்கத் தேவையான அளவு தடிப்பு அவசியம். ஆனால் வெப்ப விரிவுக்குத் தடிப்பு மருந்தாகாது.

மூட்டொன்று சிறிது விலகி எண்ணெய் கசிந்தால் என்ன நடக்கும்? டீசல் போன்ற பகுதிகளின் எரிபற்று வெப்பநிலை ஏறத்தாழ 250 பாகை செல்சியசு அளவிலேயே உள்ளது. 350 பாகையில் உள்ள எண்ணெய் வளியைத் தொட்டதும் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளக்கூடும். எனவே இங்கு கணக்கில் விடும் பிழை மனித உயிர்களைப் பலிகொள்ளக்கூடிய பிழையாகும்.

5. செயற்பாடு

தேவையான பொருள்: 30 சென்ரிமீற்றர் நீளமான கட்டுக்கம்பித் துண்டுகள் இரண்டு.

முதலாவது துண்டை நன்றாக நேராக்கி, இரு முனைகளையும் இரண்டு கைகளாலும் பிடித்து ஒன்றையொன்று நோக்கித் தள்ளுங்கள். முதலில் கம்பி எதிர்க்கும். பின்னர் திடீரென ஒரு பக்கமாகப் பிதுங்கி வளையும்.
இரண்டாவது துண்டின் நடுப்பகுதியை "ப" வடிவில் வளைத்துவிட்டு அதே போலத் தள்ளுங்கள். மெல்லிய விசையுடன் முனைகள் நெருங்கும். கையை விட்டதும் கம்பி பழைய நிலையை நாடும்.

முடிவு: கம்பியும் உலோகமும் ஒன்றே. வடிவம் மாறியதால் அது விட்டுக்கொடுக்கும் தன்மையைப் பெற்றது. பொறியியலாளர் செய்வதும் இதுவே.

6. குழாய்த் தொகுதியை வடிவமைக்கும் படிமுறைகள்

படி 1: வளைவுகளை அமைத்தல்
நேராகச் செல்லக்கூடிய இடத்திலும் குழாய் வேண்டுமென்றே வளைத்துச் செல்லப்படும். இதற்கு விரிவு வளையம் என்று பெயர். நேர்க்குழாய் நீளும்போது அதற்குச் செங்குத்தாக உள்ள பக்கங்கள் வளைந்து இடம் கொடுக்கும். அப்பக்கத்தின் நீளம் இருமடங்கானால், அதே அளவு நகர்வுக்கு ஏற்படும் வளைவுத் தகைப்பு நான்கில் ஒன்றாகவும், தேவையான விசை எட்டில் ஒன்றாகவும் குறையும். சிறிய குழாய்த் துண்டொன்றை மேலதிகமாகச் சேர்ப்பதால் கிடைக்கும் நன்மை எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

படி 2: தாங்கிகளைத் தெரிவு செய்தல்
இடம் கொடுப்பது என்பது கண்டபடி அலையவிடுவது அன்று. எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்று தீர்மானிப்பதே வடிவமைப்பு.
• நிலையான தாங்கி: குழாயை எத்திசையிலும் நகரவிடாது. விரிவு எந்தப் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை இது தீர்மானிக்கும்.
• வழிகாட்டும் தாங்கி: குழாயை அதன் நீளத்தின் வழியே மட்டும் நகரவிடும், பக்கவாட்டு அசைவைத் தடுக்கும்.
• வழுக்கும் தாங்கி: குழாயின் நிறையைத் தாங்கிக்கொண்டு கிடையாக நகரவிடும். இங்கு உராய்வு விசையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.
• வில் தாங்கி: உயரமான கோபுரம் சூடாகும்போது அதுவும் மேல்நோக்கி நீளும், அதனுடன் இணைந்த குழாயும் மேலெழும். சாதாரணத் தாங்கி வைத்தால் குழாய் அதைவிட்டுத் தூக்குப்பட்டு, நிறை முழுவதும் மூட்டிலே தொங்கும். வில் தாங்கியோ குழாயுடன் சேர்ந்து அசைந்து நிறையைத் தொடர்ந்து தாங்கும்.

படி 3: உலோகத்தைத் தெரிவு செய்தல்
மசகெண்ணெயில் கந்தகச் சேர்வைகள் உள்ளன. ஏறத்தாழ 260 பாகை செல்சியசுக்கு மேல் இவை சாதாரண உருக்குடன் தாக்கமுற்று இரும்புச் சல்பைட்டை உண்டாக்கும். குழாயின் சுவர் உள்ளேயிருந்து மெல்ல மெல்ல மெலியும். எனவே குரோமியம் சேர்க்கப்பட்ட உருக்கு பயன்படுத்தப்படுகின்றது. மேலும், 400 பாகையைத் தாண்டிய உயர் வெப்பநிலைகளில் உலோகம் சாதாரண நிறையின் கீழும் ஆண்டுக்கணக்கில் மிக மெதுவாக நீண்டுகொண்டே போகும். அத்தகைய இடங்களுக்கு அதற்கேற்ற கலப்புலோகம் தேவை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் றிச்மண்ட் நகரிலுள்ள செவ்ரொன் சுத்திகரிப்பு நிலையத்தில் 2012 ஓகஸ்ட் 6 ஆம் திகதி, கந்தகத் தாக்கத்தால் சுவர் மெலிந்த காபன் உருக்குக் குழாயொன்று வெடித்துத் தீப்பற்றியது. எவரும் இறக்கவில்லை. எனினும் அயலிலுள்ள ஏறத்தாழ 15,000 பேர் மருத்துவ உதவி நாட வேண்டியதாயிற்று. வெளியே பார்த்தால் நல்ல குழாய். உள்ளே அரைவாசி கூட மிஞ்சவில்லை. ஆகவேதான் ஒலி அலைகளைச் செலுத்திச் சுவரின் தடிப்பைக் காலத்துக்குக் காலம் அளக்கின்றனர்.

படி 4: காவலியிடல்
வெப்ப இழப்பைக் குறைக்கவும் ஊழியர்களைச் சுடுகாயத்திலிருந்து காக்கவும் கற்கம்பளி போன்ற காவலியால் குழாய் சுற்றப்படும். அதனுள் அடைபட்ட வளி வெப்பக் கடத்தலைக் குறைக்கின்றது. வெளியே போர்த்தப்படும் பளபளப்பான அலுமினியத் தகடு கதிர்ப்பினால் ஏற்படும் இழப்பைக் குறைப்பதுடன் மழைநீர் உட்புகாமலும் காக்கின்றது.

படி 5: தடவைகளை எண்ணுதல்
ஒரு கம்பியை ஒரு தடவை வளைத்தால் முறியாது. பல தடவை முன்னும் பின்னும் வளைத்தால் முறியும். குழாயும் அவ்வாறே. நிலையம் இயங்கத் தொடங்கும்போது குழாய் விரியும், நிறுத்தும்போது சுருங்கும். இது ஒரு தடவை ஆகும். அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் குழாய் விதித்தொகுப்பில் நெடுங்காலம் அடிப்படையாகக் கொள்ளப்பட்ட எண்ணிக்கை 7,000 தடவைகள். நாளுக்கு ஒரு தடவை எனில் அது ஏறத்தாழ 19 ஆண்டுகளுக்குச் சமன்.

சப்புகஸ்கந்தை நிலையம் மசகெண்ணெய் இல்லாமையால் 2021 நவம்பரில் நிறுத்தப்பட்டது. 2022 இலும் தடைப்பட்டு, அவ்வாண்டு மே மாத இறுதியில் ரஷ்ய மசகெண்ணெயுடன் மீண்டும் இயக்கப்பட்டது. இவ்வாறு நின்று தொடங்கும் ஒவ்வொரு வேளையும் குழாய்கள் குளிர்ந்து சுருங்கி மீண்டும் விரிகின்றன. அதனாலேயே இத்தகைய நிலையங்களைச் சடுதியாகச் சூடாக்குவதோ குளிர்விப்பதோ இல்லை.

7. ஒரு படிப்பினை: பிளிக்ஸ்பரோ, 1974

இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ என்னுமிடத்தில் இருந்தது எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் அன்று; ஓர் இரசாயனத் தொழிற்சாலை. எனினும் சூடான குழாய் வடிவமைப்பைப் பற்றி அது கற்பித்த பாடத்தை உலகம் இன்றும் மறக்கவில்லை.

அங்கே ஆறு தாக்கக் கலங்கள் படிப்படியாகத் தாழ்ந்து செல்லும் வரிசையில் இருந்தன. 1974 மார்ச்சில் ஐந்தாவது கலத்தில் வெடிப்பு காணப்பட்டது. உற்பத்தியை நிறுத்த விரும்பாமல் அக்கலத்தை அகற்றி, நான்காவதையும் ஆறாவதையும் ஏறத்தாழ அரை மீற்றர் விட்டமுள்ள தற்காலிகக் குழாயொன்றால் இணைத்தனர். கலங்கள் வெவ்வேறு உயரத்தில் இருந்தமையால் குழாய் இரண்டு இடங்களில் மடிக்கப்பட்டது. அதன் இரு முனைகளிலும் கொல்லனின் துருத்தி போல மடிப்புகளைக் கொண்ட நெகிழும் மூட்டுகள் இருந்தன. தொழிற்கூடத்தின் தரையில் சோக்கினால் வரைந்ததே அக்குழாய்க்கான வரைபடம். தாக்கும் விசைகள் கணிக்கப்படவில்லை. சாரக்கம்பிகளின் மீதே குழாய் வைக்கப்பட்டது.

உதாரணம் 2
துருத்தி மூட்டின் விட்டம் ஏறத்தாழ 0.7 மீற்றர், ஆகவே பரப்பளவு ஏறத்தாழ 0.385 சதுர மீற்றர். உள்ளே இருந்த அமுக்கம் ஏறத்தாழ 860,000 பஸ்கால்.

விசை = அமுக்கம் × பரப்பளவு
= 860,000 × 0.385 = 331,100 நியூற்றன்

இது 33 தொன் திணிவின் நிறைக்குச் சமமான விசை. நேர்க்குழாயில் இரு முனைகளிலும் தாக்கும் இவ்விசைகள் ஒரே கோட்டில் அமையும். மடிக்கப்பட்ட குழாயில் அவை ஒரே கோட்டில் அமையவில்லை. எனவே குழாயைத் திருப்பும் விசைத்திருப்பம் உருவாகியது. துருத்தி மூட்டு விரிவுக்கு இடம் கொடுத்தது உண்மை. ஆனால் அதைப் பிடித்து வைக்க வேண்டிய நிலையான தாங்கியும் வழிகாட்டியும் அங்கே இருக்கவில்லை.

1974 ஜூன் 1 ஆம் திகதி சனிக்கிழமை பிற்பகல் அக்குழாய் பிரிந்தது. 155 பாகை செல்சியசில் இருந்த வட்டஎட்சேன் ஆவிமுகிலாய்ப் பரவி வெடித்தது. 28 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். வார நாளாக இருந்திருந்தால் அலுவலகம் நிறைந்திருக்கும். இழப்பு இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

அவர்களுக்குத் தேவைப்பட்ட கணிதம் நீங்கள் பத்தாம் தரத்திலும் பதினோராம் தரத்திலும் கற்பவைதான்: அமுக்கமும் விசைத்திருப்பமும். தெரியாத விஞ்ஞானத்தால் அன்று, செய்யாமல் விட்ட கணக்கால் நேர்ந்த விபத்து அது.

8. மாணவர் வழமையாக விடும் தவறுகள்

• வெப்பநிலை உயர்வுக்குப் பதிலாக இறுதி வெப்பநிலையைப் பிரதியிடுதல். 350 அன்று, 320 ஐயே பிரதியிட வேண்டும்.
• அலகு எழுதாமை; மீற்றரை மில்லிமீற்றராக மாற்றும்போது 100 ஆல் பெருக்குதல். 1000 ஆல் பெருக்க வேண்டும்.
• "குழாய் வெடிக்காமல் இருக்க" என்று பொதுப்பட எழுதுதல். "குழாய் விரியும்போது செங்குத்தான பக்கங்கள் வளைந்து இடம் கொடுப்பதால் தகைப்புக் குறையும்" என்று காரணத்தை எழுதுங்கள்.

9. பயிற்சி வினாக்கள்

1. 20 மீற்றர் நீளமான உருக்குக் குழாயின் வெப்பநிலை 30 பாகை செல்சியசிலிருந்து 280 பாகை செல்சியசு வரை உயர்கின்றது. நீள அதிகரிப்பை மில்லிமீற்றரில் காண்க.
2. வெல்டிங் செய்து இணைத்த தண்டவாளத்தை இறுகப் பிணைக்கலாம். சுத்திகரிப்பு நிலையக் குழாயை அவ்வாறு பிணைக்க முடியாது. காரணம் தருக.
3. குழாயொன்றின் மூடிய முனையின் பரப்பளவு 0.5 சதுர மீற்றர்; உள்ளே அமுக்கம் 400,000 பஸ்கால். முனையின் உட்புறத்தில் தாக்கும் விசை யாது?
4. கோபுரத்துக்கு அருகில் குழாயைத் தாங்க வில் தாங்கி பயன்படுத்தப்படுவது ஏன்?

விடைகள்
1. 20 × 0.000012 × 250 = 0.06 மீற்றர் = 60 மில்லிமீற்றர்.
2. தண்டவாளத்தின் வெப்பநிலை மாற்றம் சிறிது. அதனால் ஏற்படும் தகைப்பை உருக்கு தாங்கும். குழாயின் வெப்பநிலை மாற்றம் மிகப் பெரிது. தகைப்பு உருக்கின் தாங்கும் எல்லையை மீறும்.
3. 400,000 × 0.5 = 200,000 நியூற்றன்.
4. கோபுரம் சூடாகி மேல்நோக்கி விரியும்போது குழாயும் மேலெழும். வில் தாங்கி அதனுடன் அசைந்து நிறையைத் தொடர்ந்து தாங்குவதால் மூட்டில் சுமை ஏறாது.

நினைவிற் கொள்க: விரிவைத் தடுக்க முனையாதீர்கள்; அதற்கு இடம் கொடுங்கள். இடம் கொடுக்கும்போது எங்கே பிடிக்க வேண்டும் என்பதையும் கணித்துப் பாருங்கள். இன்று மாலை தகரக் கூரை "டக்" என்றதும் இப்பாடத்தை ஒரு தடவை மீட்டிப் பாருங்கள்.